ஏற்காட்டுக் கல்லறைகளில் யார் யார்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் அப்பாவழிப் பாட்டியின் கல்லறை ஏற்காட்டில் இருக்கிறது. நான் இருப்பது சேலத்தில். வருடத்துக்கு ஒரு முறையாவது மலையேறுவதால், "அங்கே யாரெல்லாம் அடக்கமாகியிருக்கிறார்கள்?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வது எப்படியோ என் பொறுப்பாகிவிட்டது. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் இருக்கும் பிரபலங்கள் யார்?

இப்படிக் கேட்பவர்கள் மனதில் ஏற்கெனவே ஒரு படம் இருக்கும். பாசி படிந்த பளிங்குக் கல், அதில் ஓர் ஆங்கிலேயர் பெயர், காபித் தோட்ட முதலாளி, புலி சுட்ட துரை. அந்தப் படத்துக்குப் பொருந்துகிறவர்கள் பெரும்பாலும் சீர்திருத்த சபைக்காரர்கள் (புராட்டஸ்டண்டுகள்). அவர்களுக்குத் தனிக் கல்லறை, தனிக் கோயில்.

நான் சிறுவனாக இருந்தபோது வெளியூர் விருந்தாளி ஒருவரை அழைத்துக்கொண்டு போனோம். அவரும் இதையேதான் கேட்டார். புல் செதுக்கிக்கொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "தொரைங்க எல்லாம் அந்தப் பக்கங்க. இங்க இருக்கறது நம்ம ஆளுங்க" என்றார்.

'நம்ம ஆளுங்க' என்றால் பாதிரியார்கள், கன்னியர், பள்ளி நடத்திய சகோதரர்கள், எஸ்டேட் ரைட்டர்கள், மேஸ்திரிகள், பங்களாவில் சமைத்தவர்கள், காபிப் பழம் பறித்தவர்கள். என் பாட்டி கடைசி வகை. ஆகவே கீழே இரண்டு தரப்பையும் பற்றிச் சொல்கிறேன். துரைகளையே தேடி வந்தவர்கள் அடுத்த மூன்று பதில்களைப் படித்துவிட்டுக் கிளம்பிவிடலாம், நான் வருத்தப்பட மாட்டேன்.

புரூஸ் ஃபூட் அடக்கமானது ஏற்காட்டில்தானா?

ஆமாம். ஆனால் கத்தோலிக்கக் கல்லறையில் இல்லை. ஹோலி டிரினிட்டி ஆலயத்துக்குப் போக வேண்டும். ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) ஆலயமாக இருந்து, 1947-க்குப் பிறகு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆனது.

இராபர்ட் புரூஸ் ஃபூட் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் 1858-இல் வேலைக்குச் சேர்ந்தவர். 1863 மே 30 அன்று சென்னைப் பல்லாவரத்தில் செம்மண் சரளைக்கு நடுவே ஒரு கல்லை எடுத்துப் பார்த்து, இது மனிதன் செதுக்கிய கருவி என்று கண்டுகொண்டார். இந்தியாவில் பழைய கற்கால மனிதன் இருந்தான் என்பதற்கு அதுதான் முதல் சான்று. அதே வருடம் கொசஸ்தலையாற்றுப் பக்கம் அத்திரம்பாக்கத்திலும் கருவிகள் கிடைத்தன. அந்த அத்திரம்பாக்கத்துக் கருவிகளுக்கு 15 லட்சம் ஆண்டு வயது என்று 2011-இல் சாந்தி பப்புவின் குழு வெளியிட்டபோது உலகமே திரும்பிப் பார்த்தது. தொடங்கி வைத்த மனிதர் நம் மலையில் அமைதியாக இருக்கிறார்.

ஓய்வுக்குப் பிறகு அவர் குடியிருந்தது ஏற்காட்டில், ஐவி காட்டேஜ் என்ற வீட்டில். ஆயுள் முழுக்கச் சேர்த்த கருவிகளை 1904-இல் சென்னை அருங்காட்சியகம் வாங்கிக்கொண்டது. சேர்வராயன் மலையில் கிடைத்த, மெருகேற்றிய கற்கோடரிகளும் அதில் உண்டு. எழும்பூருக்குப் போனால் பார்க்கத் தவறாதீர்கள். 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் காலமானார். அங்கேயே எரியூட்டி, சாம்பலை இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். அதனால் 'உடல் புதைத்த இடம்' என்று வழிகாட்டிகள் சொல்வது சரியில்லை.

அவருடைய மாமனாரும் இங்கேதான் இருந்தாராமே?

பீட்டர் பெர்சிவல். என்னைக் கேட்டால், தமிழ் படித்தவர்கள் ஏற்காட்டுக்கு வந்தால் முதலில் நினைக்க வேண்டிய பெயர் இவருடையதுதான். ஃபூட்டைத் தேடி வருகிறவர்களில் பத்துக்கு ஒருவர்கூட இவரைக் கேட்பதில்லை.

1803-இல் பிறந்தவர். வெஸ்லியன் என்ற சீர்திருத்த சபையின் மிஷனரியாக யாழ்ப்பாணம் வந்து, அங்கே பள்ளி நடத்தினார். அந்தப் பள்ளியில் படித்த பையன்தான் பின்னாளில் ஆறுமுக நாவலர். விவிலியத்தைத் தமிழில் மொழிபெயர்க்கும் வேலையில் பெர்சிவலுக்குத் துணை நின்றவரும் நாவலர்தான். சைவத்துக்காகக் கடைசிவரை வாதாடிய மனிதர், வேதாகமத்துக்குத் தமிழ் நடை பார்த்துக் கொடுத்திருக்கிறார். இரண்டு பேருக்கும் தமிழ்தான் பொதுக் கட்சி.

அப்புறம் பெர்சிவல் சென்னைக்கு வந்து மாநிலக் கல்லூரியில் ஆசிரியரானார். 1855-இல் 'தினவர்த்தமானி' என்ற இதழைத் தொடங்கினார். சி.வை. தாமோதரம் பிள்ளை அதில் ஆசிரியராக இருந்தார். 1874-இல் வந்த பெர்சிவலின் பழமொழித் தொகுப்பில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகள் இருக்கின்றன. 1882-இல் ஏற்காட்டில்தான் காலமானார். அவருடைய மகளைத்தான் ஃபூட் மணந்திருந்தார்.

ஏற்காட்டுக்குக் காபி கொண்டுவந்த காக்பர்ன் துரையின் கல்லறை எங்கே?

இங்கே தேடாதீர்கள். எம்.டி. காக்பர்ன் 1820 முதல் 1829 வரை சேலம் கலெக்டர். காபியோடு பேரிக்காய், ஆரஞ்சு போன்ற பழ மரங்களையும் இந்த மலைக்குக் கொண்டுவந்தார். பிற்பாடு நீலகிரிப் பக்கம் கோத்தகிரிக்குப் போய், அங்கேயும் தோட்டம் போட்டார். இங்கே அவர் நினைவாக இருப்பது காபிச் செடிதான்.

தத்துவ போதகர் சேலத்தில் அடக்கமானாரா? அருளானந்தர்?

இருவருமே இல்லை. ஆனால் தத்துவ போதகருக்கு நம் ஊரோடு நேரடித் தொடர்பு உண்டு. இராபர்ட் தெ நோபிலி என்ற இத்தாலிய சேசு சபைத் (ஜெசுயிட்) துறவிதான் அவர். காவி கட்டி, மரக்கறி உண்டு, சந்நியாசியாக வாழ்ந்தார். 1623-இல் மதுரையிலிருந்து புறப்பட்டு சேந்தமங்கலம், சேலம் பக்கம் வந்தார். சேந்தமங்கலத்தை அப்போது இராமச்சந்திர நாயக்கர் ஆண்டுகொண்டிருந்தார். சேலம் மறைமாவட்டத்து (ஓர் ஆயரின், அதாவது பிஷப்பின், பொறுப்பில் இருக்கும் பகுதி) கிறிஸ்தவ வரலாற்றை எழுதுகிறவர்கள் அங்கிருந்துதான் தொடங்குவார்கள். ஆனால் அவர் கண்மூடியது 1656-இல் மயிலாப்பூரில்.

அருளானந்தர் என்று நாம் சொல்லும் ஜான் டி பிரிட்டோ 1693-இல் ஓரியூரில் தலை வெட்டப்பட்டு இறந்தார். அது இராமநாதபுரம் சீமை. சேலத்தில் அருளானந்தம் என்ற பெயர் நிறையப் பேருக்கு இருக்கக் கண்டு இப்படி ஒரு சந்தேகம் வருகிறது போலிருக்கிறது.

சேலம் ஆயர்களைக் கல்லறைத் தோட்டத்தில் பார்க்கலாமா?

பொதுவாக ஆயர்களைக் கல்லறைத் தோட்டத்தில் தேடக் கூடாது. கோயிலுக்குள் யாரையும் அடக்கம் செய்யக் கூடாது என்பது இன்றைய திருச்சபைச் சட்டம். அதில் விலக்கு திருத்தந்தைக்கும் கர்தினால்களுக்கும் மறைமாவட்ட ஆயர்களுக்கும் மட்டும். ஆயர் பணி ஓய்வு பெற்றிருந்தாலும் தன் சொந்தப் பேராலயத்தில் இடம் உண்டு. அதனால்தான் எந்த ஊர்ப் பேராலயத்துக்குப் போனாலும் முதலில் தரையைப் பார்க்க வேண்டும் என்பேன்.

சேலம் மறைமாவட்டம் உருவானது 1930 மே 26 அன்று. முதல் ஆயர் ஹென்றி புருனியே, பிரெஞ்சுக்காரர். அடுத்து 1949-இல் வந்த வெண்மணி செல்வநாதர் தமிழர். அவர் 1973-இல் புதுச்சேரி – கடலூர் பேராயராகப் போய்விட்டார். ஆயரின் இருக்கை நான்கு ரோடு பக்கத்தில் இருக்கும் குழந்தை இயேசு பேராலயம்.

பழைய சாமியார்களின் கல்லறைகளில் ஏன் பிரெஞ்சுப் பெயர்கள்? ஆண்டது வெள்ளைக்காரன்தானே?

ஆண்டது ஆங்கிலேயர்கள். ஆனால் பூசை வைத்தது பிரெஞ்சுக்காரர்கள். 1773-இல் சேசு சபையை ரோம் கலைத்துவிட்டது. அவர்கள் கவனித்துவந்த தமிழ்நாட்டுப் பங்குகள் (ஒரு குருவின் பொறுப்பில் இருக்கும் கோயில் வட்டாரங்கள்) பாரிஸ் மறைபரப்புச் சபையாரின் கைக்கு வந்தன. அவர்களுக்குத் தலைமையிடம் புதுச்சேரி. சேலம் சீமை பெரும்பாலும் 1930 வரை புதுச்சேரி, கும்பகோணம் மறைமாவட்டங்களுக்குக் கீழேதான் இருந்தது. பிரான்ஸில் ஏதோ ஒரு கிராமத்தில் பிறந்து, இருபத்து நான்கு, இருபத்தைந்து வயதில் கப்பலேறி, திரும்பிப் போகாமலே நம் ஊர் மண்ணில் சேர்ந்தவர்கள் நிறையப் பேர். அந்தச் சபையில் ஊருக்குத் திரும்பும் எண்ணத்தோடு யாரும் புறப்படுவதில்லை.

கன்னியர், சகோதரர் கல்லறைகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன. யார் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வேண்டுமென்றேதான் ஒரே மாதிரி கட்டுகிறார்கள். தலைமைக் கன்னிக்கும் சமையற்கட்டுக் கன்னிக்கும் ஒரே அளவு சிலுவை.

ஏற்காட்டில் இரண்டு சபைகள் முக்கியம். திருஇருதயப் பள்ளியை 1894-இல் தொடங்கியவர்கள் குளூனி சூசையப்பர் சபைக் கன்னியர். மான்ட்ஃபோர்ட் பள்ளியை 1917-இல் தொடங்கியவர்கள் புனித கபிரியேல் சகோதரர்கள். இந்தச் சகோதரர்கள் குருக்கள் அல்ல, பூசை வைக்க மாட்டார்கள். கற்பிப்பதுதான் அவர்கள் துறவு. நாடறிந்த பலர் படித்த பள்ளிகள் இவை. படித்தவர்கள் பெயர் எல்லோருக்கும் தெரியும், கற்றுக்கொடுத்தவர்கள் பெயரைக் கல்லில்தான் படிக்க வேண்டும்.

பெயருக்குப் பின்னால் வரும் எழுத்துகளைப் பாருங்கள். எஸ்.ஜி. என்றால் கபிரியேல் சகோதரர். எம்.இ.பி. என்றால் பாரிஸ் சபைக் குரு. எஸ்.ஜே. என்றால் சேசு சபை. எஸ்.டி.பி. என்றால் சலேசியர். ஒரு சிக்கல் உண்டு: முற்காலத்தில் துறவு வார்த்தைப்பாடு (உறுதிமொழி) கொடுக்கும்போது புதுப் பெயர் சூட்டுவார்கள். கல்லில் இருப்பது அந்தப் பெயர். வீட்டில் வைத்த பெயரைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் சபைத் தலைமை இல்லத்தைத்தான் கேட்க வேண்டும்.

கல்லில் புரியாத எழுத்துகள் இருக்கின்றனவே?

பெரும்பாலும் இலத்தீன். 'ஆர்.ஐ.பி.' என்பதை ஆங்கிலம் என்று நினைக்கிறோம். மூலம் 'ரெக்வியேஸ்கட் இன் பாச்சே', 'சமாதானத்தில் இளைப்பாறுக' என்று பொருள். 'ஐ.எச்.எஸ்.' என்பது இயேசுவின் கிரேக்கப் பெயரின் முதல் மூன்று எழுத்து. 'டி.ஓ.எம்.' என்றால் 'மிக நல்லவரும் மிகப் பெரியவருமான இறைவனுக்கு'. 'ஓபீட்' என்றால் இறந்தார், 'நாத்துஸ்' என்றால் பிறந்தார். இவ்வளவு தெரிந்தாலே முக்கால்வாசிக் கல் படித்துவிடலாம். மழை தின்ற எழுத்தைச் சுண்ணாம்பு தேய்த்துப் படிக்க வேண்டாம், கல் கெடும். சாயங்காலம் சாய்வெயிலில் பக்கவாட்டில் நின்று பாருங்கள், எழுத்து தானாக எழும்பி வரும்.

ராயப்பன், சின்னப்பன் எல்லாம் கிறிஸ்தவப் பெயரா?

அசல் கிறிஸ்தவப் பெயர்கள், அதுவும் கத்தோலிக்கப் பெயர்கள். ராயப்பர் என்றால் பேதுரு, சின்னப்பர் என்றால் பவுல், அருளப்பர் என்றால் யோவான், சூசை என்றால் யோசேப்பு. சந்தியாகு என்றால் யாக்கோபு, போர்ச்சுகீசியர் வழியாக வந்த பெயர். சவேரி என்றால் சேவியர், தெரியாதவர் இல்லை. ஞானப்பிரகாசம் என்று ஒருவர் இருந்தால் அவருடைய பாதுகாவலர் புனித அலோசியஸ். அமலோற்பவம் என்ற பெண் பெயர் மாதாவின் அமல உற்பவத் திருநாளைக் குறிக்கும்.

இது சுவாரசியத்துக்காகச் சொல்லவில்லை. பழைய பதிவேடுகளை இலத்தீனில் எழுதியிருப்பார்கள். கல்லில் ராயப்பன் என்று இருப்பவர் பதிவேட்டில் பெத்ருஸ். இந்தச் சாவி தெரியாமல் நாள் முழுக்கத் தேடிவிட்டு, 'எங்கள் தாத்தா பெயரே இல்லை' என்று திரும்பிப் போனவர்கள் உண்டு.

எங்கள் தாத்தா எஸ்டேட்டில் வேலை பார்த்து ஏற்காட்டில் இறந்தார். கல்லறை இப்போது இல்லை. ஏதாவது தடயம் கிடைக்குமா?

எனக்குப் பிடித்த கேள்வி இதுதான். கிடைக்கும், ஆனால் கல்லில் இல்லை.

ஏழைகள் கல்லறை மண்மேடுதான். தலைமாட்டில் சவுக்குக் கட்டையில் ஒரு சிலுவை நடுவார்கள். நாலு மழையில் கட்டை உளுத்துவிடும், பத்து வருடத்தில் மேடு தட்டையாகிவிடும். பல ஊர்களில், யாரும் பராமரிக்காத இடத்தைக் கொஞ்ச வருடம் கழித்து மறுபடி தோண்டி இன்னொருவரை வைப்பதும் வழக்கம். இடம் போதாது, வேறு வழியில்லை.

ஆனால் திருச்சபையில் ஒரு நல்ல பழக்கம். ஞானஸ்நானம், திருமணம், இறப்பு மூன்றுக்கும் ஒவ்வொரு பங்கிலும் பதிவேடு வைத்தே ஆக வேண்டும். 1614-இல் வந்த ரோமைச் சடங்கு நூலிலேயே இறப்புப் பதிவேட்டுக்கு மாதிரி கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பேரேட்டில் எஸ்டேட் முதலாளிக்கு ஒரு வரி என்றால் காபி பறிக்கிறவளுக்கும் ஒரு வரி. பெயர், வயது, தகப்பன் அல்லது கணவன் பெயர், கடைசித் திருவருட்சாதனங்கள் பெற்றாரா, எந்த நாளில் அடக்கம், எந்தக் குரு அடக்கினார்.

என் பாட்டியை அப்படித்தான் கண்டுபிடித்தோம். முதல் தடவை போனபோது வீட்டில் கூப்பிட்ட பெயரைச் சொன்னோம். இல்லை என்றார்கள். இரண்டாம் தடவை, அந்த வருடப் பேரேடு கரையான் அரித்துவிட்டது என்றார்கள். மூன்றாம் தடவை வேறொரு பங்குத்தந்தை இருந்தார். அலமாரியின் அடித்தட்டிலிருந்து அவரே இழுத்தெடுத்தார். ஓரம்தான் அரித்திருந்தது. ஞானஸ்நானப் பெயரில் தேடினோம், ஐந்தே நிமிடம். வரியின் கடைசியில் எஸ்டேட்டின் பெயரும் இருந்தது. எந்த எஸ்டேட் என்று என் அப்பாவுக்கே அதுவரை தெரியாது.

ஆகவே போகும் முன் இதையெல்லாம் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: ஞானஸ்நானப் பெயர், தோராயமான வருடம், கணவன் அல்லது தகப்பன் பெயர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு போய் நிற்காதீர்கள், அந்த நேரத்தில் சாமியாருக்கு நூறு வேலை. வாரநாள் முற்பகல் நல்லது. எந்தப் பங்கு என்றே தெரியாவிட்டால் அவர் ஞானஸ்நானம் பெற்ற ஊரிலிருந்து தொடங்குங்கள். கத்தோலிக்கருக்கு ஞானஸ்நானம் பெற்ற ஊர்ப் பேரேட்டில்தான் திருமணம் முதலான குறிப்புகள் ஓரத்தில் வந்து சேரும்.

பழைய கல்லறைகளில் ஏன் இத்தனை குழந்தைகளும் இளவயதினரும்?

மலைமேல் குளிர்ந்த காற்று, சரி. ஆனால் மேலே வர அடிவாரத்தைக் கடக்க வேண்டும், அங்கே காய்ச்சல் காத்திருந்தது. கொசுவால்தான் மலேரியா பரவுகிறது என்று ரொனால்டு ராஸ் கண்டுபிடித்ததே 1897-இல். அதுவரை கெட்ட காற்று என்றே நம்பினார்கள். கொய்னா மாத்திரை துரைக்குக் கிடைத்த அளவுக்குக் கூலிக்காரருக்குக் கிடைத்ததா என்பதை யோசித்துக்கொள்ளுங்கள். காலராவும் அம்மையும் தனி.

1876 முதல் 1878 வரை, தாது வருஷப் பஞ்சம். மெட்ராஸ் மாகாணத்தில் மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் சேலமும் ஒன்று. அந்த வருடங்களில் இறந்தவர்களுக்குக் கல் எங்கே, குழியே பொதுக்குழி. வெளியூர்க்காரர்கள் குழந்தைக் கல்லறையைப் பார்த்துக் கலங்குவார்கள். ஞானஸ்நானம் பெற்ற குழந்தை இறந்தால் 'சம்மனசு ஆயிடுச்சு' (வானதூதர் ஆகிவிட்டது) என்பார்கள் எங்கள் வீட்டுப் பெரியவர்கள். அப்படிச் சொல்லியும் அழத்தான் செய்தார்கள்.

கத்தோலிக்கர் தகனம் செய்யலாமா?

செய்யலாம், 1963-இலிருந்து அனுமதி உண்டு. சாம்பலை வீட்டில் வைத்திருக்கவோ ஆற்றில் கரைக்கவோ கூடாது, கல்லறை போன்ற புனித இடத்தில் வைக்க வேண்டும் என்று 2016-இல் மறுபடியும் தெளிவுபடுத்தினார்கள்.

மற்ற மதத்தவர் உள்ளே போகலாமா? படம் எடுக்கலாமா?

தாராளமாகப் போகலாம். செருப்பைக் கழற்றச் சொல்ல மாட்டார்கள், ஆனால் கல்லறை மேல் உட்காரக் கூடாது. பழைய கல்லைப் படம் எடுத்தால் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். புது மண்மேட்டையும் அழுகிறவர்களையும் எடுக்காதீர்கள். கேட் பூட்டியிருந்தால் கோயிலில் கேளுங்கள், சுவர் ஏறிக் குதித்து ஒருவர் காலை உடைத்துக்கொண்ட கதையை நான் இரண்டு தடவை கேட்டுவிட்டேன்.

எப்போது போனால் நன்றாக இருக்கும்?

நவம்பர் 2, கல்லறைத் திருநாள். அதற்கு ஒரு வாரம் முன்னாலேயே புல் செதுக்கி வெள்ளையடிக்கத் தொடங்கிவிடுவார்கள். அன்றைக்குத் திருப்பலி முடிந்ததும் குரு ஒவ்வொரு வரிசையாக வந்து தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். "நித்திய இளைப்பாற்றியை அவர்களுக்குத் தந்தருளும் ஆண்டவரே" என்று கூட்டம் சொல்லிக்கொண்டே பின்னால் போகும். தங்கள் ஆட்களின் கல்லறை எதுவென்று தெரியாதவர்கள் நடுவில் இருக்கும் பெரிய சிலுவையடியில் மெழுகுவர்த்தி வைப்பார்கள். பாட்டியின் மேடு எதுவென்று உறுதியாகத் தெரியும்வரை நாங்களும் அங்கேதான் வைத்தோம்.

வடகிழக்குப் பருவமழைக் காலம், குடை இல்லாமல் போகாதீர்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் மதியத்துக்கு மேல் மூடுபனி இறங்கும், காலை வண்டியைப் பிடியுங்கள். பூவைச் சேலத்திலேயே வாங்கிவிடுங்கள், மேலே அன்றைக்குச் சாமந்தி விலை கூட. அப்புறம், காய்ந்த கொட்டாங்குச்சி நாலைந்து பையில் போட்டுக்கொள்ளுங்கள். மெழுகுவர்த்தியை அதற்குள் நிறுத்தினால்தான் அந்தக் காற்றுக்கு நிற்கும்.